படித்துக் காட்டிய சாட்சியம்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மைசூர் கோர்ட்டுக்கு ஒரு நீதிபதி மாற்றலாகி வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வந்த முதல் வாரமே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. அவர் அடிக்கடி சொன்ன "ஓதி ஹேளி"தான் காரணம். படித்துச் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் அர்த்தம்.

நான் அங்கே டைப்பிஸ்ட். சாட்சி கூண்டில் நின்று சொல்வதை நீதிபதி கோர்ட் கன்னடத்தில் வாக்கியமாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். கடைசியில், 'படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது' என்று ஒரு வரி உண்டு. அதன் கீழே சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் நாங்களும் படிப்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. அந்த வரியை என் விரல்கள் தானாகவே அடித்துவிடும். சாட்சியும் விட்டால் போதும் என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

இந்தப் புது மனிதரோ ஒவ்வொரு சாட்சியத்தையும் முதல் வரியிலிருந்து படிக்க வைத்தார். வக்கீல்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இங்கே கேஸ் நடக்கவில்லை, பாராயணம் நடக்கிறது என்று கேன்டீனில் கிண்டலடித்தது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

தமிழ் சாட்சி வந்தால் என் பாடு இரட்டிப்பு. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது என்பதால் சத்தியம் செய்துவிட்டு நானே மொழிபெயர்க்கவும் வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கர்வம் அதிகம். ஜனங்கள் கொச்சையாகச் சொல்வதை நான் கௌரவமாக்கிக் கொடுப்பேன். அதை அவர்களுக்குச் செய்யும் உபகாரமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒருநாள் கூண்டில் ஏறியவர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரம் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். நஞ்சன்கூட்டில் அண்ணன் வீட்டில் தங்கி, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார். புருஷன் மைசூரில் கட்டட மேஸ்திரி. மனைவி காரணமில்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், திரும்பி வந்து தன்னோடு குடும்பம் நடத்தும்படி கோர்ட் உத்தரவு போட வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தது அவர்தான். அந்தப் பெண் தானாகப் போனாரா, துரத்தப்பட்டாரா என்பதே கேள்வி. தானாகப் போனார் என்று முடிவானால் அந்த வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்லி உத்தரவாகிவிடும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"கழுத்தப் புடிச்சு வெளீல தள்ளிக் கதவச் சாத்திப்போட்டாருங்க. செருப்புக்கூட மாட்ட உடலீங்க."

ஹால் நிறைய ஆட்கள். பின் பெஞ்சில் மேஸ்திரியோடு வந்த நம் தமிழ் ஜனங்களே ஏழெட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கூசிப்போயிற்று. குடும்பத்துப் பெண், இதையெல்லாம் நாலு பேர் நடுவில் சொல்லலாமா? 'வீட்டில் மனஸ்தாபம் ஏற்பட்டது, அதனால் வெளியே வந்துவிட்டேன்' என்று நல்ல கன்னடத்தில் சொல்லிவிட்டேன். நீதிபதி அதையே திருப்பிச் சொன்னார், நானே அடித்தேன். அந்தப் பெண்ணுக்குக் கடைத்தெருக் கன்னடம் வரும், கோர்ட் கன்னடம் பிடிபடாது. அவருடைய வக்கீலோ அடுத்த கேள்வியைக் காகிதக் கட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து, காகிதத்தை உருவிக் கையெழுத்துக்கு நீட்டினேன். மணி ஐந்தாகப் போகிறது. "ஓதி ஹேளி" என்றார் நீதிபதி.

நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மனஸ்தாபம் என்ற வரி வந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்தார்.

"நான் அப்புடிச் சொல்லலீங்க. நானா வரலீங்க. அவுரு தள்ளுனாருங்க."

மேஸ்திரியின் வக்கீல் துள்ளி எழுந்தார். சாட்சியம் பதிவாகிவிட்டது, வாசலில் நிற்கும் அண்ணன் சாடை காட்டியதும் பேச்சை மாற்றுகிறாள் என்றார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முதலிலேயே இந்த அம்மா இப்படித்தான் சொன்னாரா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். ஆமாம் என்றால் சத்தியம் செய்துவிட்டுப் பொய்யாக மொழிபெயர்த்தவன். வேலைக்கே உலை. பொய் சொல்லத்தான் முதலில் தோன்றியது, இப்போது மறைத்து என்ன பயன்? ஆனால் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை, நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நின்றார். அப்படித்தான் சொன்னார், நான்தான் மாற்றிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். ஏன் என்றார் நீதிபதி. சபையில் அவர் மானம் போகக்கூடாது என்றுதான் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் பேனாவை எடுத்தார். அந்த வரியைத் தன் கையாலேயே கோடிட்டு அடித்துவிட்டு, கழுத்து, கதவு, செருப்பு எல்லாவற்றையும் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். தவறு மொழிபெயர்ப்பில் நேர்ந்தது, சாட்சி பேச்சை மாற்றவில்லை என்றும் குறித்தார். கடைசியாக அந்தப் பெண்ணைப் பார்த்து, "நம்ம தப்பு" என்றார். கன்னடத்திலும் அது அதேதான். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

உன் தப்பு என்று என்னைக் கைகாட்டியிருக்கலாம். கோர்ட்டே செய்த தப்பாக அவர் அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அதை வாங்கும்போது வருத்தமாக இல்லை, ஏதோ பிழைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதன்பின் கேன்டீனில் பாராயணப் பேச்சு எடுப்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன்.

இரண்டு மாதம் கழித்து மேஸ்திரியின் வழக்கு தள்ளுபடியானது. அந்தப் பெண் வராந்தாவில் என்னைப் பிடித்து, தீர்ப்பு என்னங்க என்று கேட்டார். நீங்கள் அங்கே போக வேண்டாம், உங்களைப் போகச் சொல்ல முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது என்றேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு என்னைக் கும்பிட்டார்.

"அன்னிக்கு நீங்க உள்ளதச் சொன்னீங்க. உங்குளுக்குப் புண்ணியமுங்க."

அந்தக் கும்பிடு எனக்குச் சேராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். அன்றைக்கு மணி ஐந்தாகிவிட்டது என்று நீதிபதி எழுந்து போயிருந்தால், அந்தப் பெண்ணின் கழுத்தைப் பிடித்து அதே வீட்டுக்குள் திரும்பத் தள்ளியவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.