பேச்சுக்காலில் வந்த பந்து

மரியதாசனுக்கு இந்த உலகத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை இரண்டு. ஒன்று மடு மாதா. மற்றது, அமெரிக்கக் கால்பந்தில் ஓடிப் பந்து பிடிக்கிற றிசீவர்களில், 2012இல் டிற்றோயிற் அணியின் கால்வின் ஜோன்சன் ஆடியதுபோல ஒரு சீசனை இன்னொருவன் ஆடியதில்லை என்பது. முதலாவதைப்பற்றி அவரோடு எவரும் சண்டைக்கு வந்ததில்லை.

அகதியாக மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு மதுச்சாலையில் கோப்பை கழுவினார். கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தால் தொலைக்காட்சி தெரியும். பழக்கம் அப்படித்தான் தொற்றியது. இப்போது கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறார். அவர் சொல்லும் அந்த 2012இல் பந்து பிடித்து ஜோன்சன் கடந்த தூரம் 1964 யார்டு. ஜோன்சனின் அணியோ பதினாறு ஆட்டத்தில் பன்னிரண்டில் தோற்றது.

"அவன் தன்ர வேலையைச் செய்தான். மற்றவங்கள் செய்யேல்லை எண்டா அவன் என்ன செய்யிறது?" இதைச் சொல்லும்போது மரியதாசனின் குரல் தழுதழுக்கும். ஆஸ்பத்திரியில் அவரை ஏவுவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

மனைவி செலீனுக்குப் பந்தென்றாலே ஆகாது. மகள் லக்சனாதான் ஞாயிறுகளில் பக்கத்தில் இருந்து வாதாடுவாள். அவள் 1987இல் ஆடிய ஜெறி றைஸ் என்ற றிசீவரின் கட்சி. "பன்னிரண்டு மச்சில இருபத்திரண்டு டச்டவுன், அப்பா" என்று, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டியதை அவள் எண்ணத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும்.

அந்த லக்சனாவும் கர்க்லாண்டில் இருக்கும் டிலக்ஷனும் விரும்பி, தாங்களாகவே கலியாணத்துக்கு முடிவெடுத்திருந்தார்கள். அதற்காகப் பெரியவர்கள் கூடிப் பேச்சுக்கால் வைக்காமல் விடமுடியுமா? பேச்சு முடிந்தால்தான் சாப்பாடு. பிடிக்காத கதை வந்தால் டிலக்ஷனின் தகப்பன் யோசெப் எழும்பிப் போய்விடுவார் என்று கேள்வி. மூத்த மகனின் சம்பந்தம் ஒன்று அப்படித்தான் குழம்பியதாம்.

"அங்க போய்ப் பந்துக் கதை எடுக்கக்கூடாது" என்றாள் செலீன்.

"ஓம்" என்றார் மரியதாசன். மகளின் முகத்தைப் பார்த்தபிறகு, மனதாரவே சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து மூவரும் போனார்கள். யோசெப் வீட்டில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பந்துதான். மரியதாசன் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கோயில், எந்த மாதம் என்றெல்லாம் பேசி, எல்லாம் முடிகிற நேரத்தில் யோசெப் திரையைக் காட்டினார்.

"ஆர் ஆடினாலும் 2021இல கூப்பர் கப் எண்டவன் ஆடின மாதிரி வராது. பிடிச்சதில முதல், தூரத்தில முதல், டச்டவுனிலயும் முதல். கடைசியில கிண்ணமும் எடுத்தாங்கள்."

செலீன் மரியதாசனின் காலை மிதித்தாள். அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

"ஒருத்தரும் கிட்டவும் வரேல்லை" என்றார் யோசெப்.

"அவன் ஆடினது பதினேழு மச்" என்றார் மரியதாசன். "ஜோன்சனை விட ஒண்டு கூட. அப்பிடியும் பதினேழு யார்டு குறைவு."

"ஜோன்சனோ? டச்டவுன் அஞ்சே அஞ்சு. ரீம் முழுக்கத் தோல்வி."

"அதுக்கு அவன் என்ன செய்யிறது?"

மரியதாசன் எழும்பி நின்றிருந்தார். யோசெப்பும் எழும்பினார். செலீன் கைப்பைக்குள் செபமாலையைத் தேடினாள். டிலக்ஷன் தரையைப் பார்த்தான்.

யோசெப் "இது இண்டைக்கு முடியாது" என்றார். "முதல்ல சாப்பிடுவம். வாற ஞாயிறும் மச் பாக்க வாங்கோ."

திரும்பும்போது செலீன் காரில் செபமாலை உருட்டினாள். லக்சனாதான் பேசினாள்.

"அப்பா, எனக்கும் 2012தான்."

"அப்ப ஏன் இவ்வளவு வருசமா றைஸ் எண்டனீ?"

"நானும் ஓம் எண்டா நீங்கள் ஆரோட கதைக்கிறது? அம்மா பாக்கமாட்டா. நான் போனாப்பிறகு என்ன செய்வீங்கள் எண்டுதான் எனக்குக் கவலை."

மரியதாசனுக்கு இரண்டு சந்தி தாண்டியபிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"யோசெப்புக்கும் என்னோட வாதாடச்சொல்லி நீதான் சொல்லிக்குடுத்தனியோ?"

"இல்லை அப்பா. அவர் உண்மையாவே 2021 எண்டு நம்புறார்."

"பாவம்" என்றார் மரியதாசன். வீடு வரும்வரை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.