பாஸ் தீருமுன் ஒரு மழை நாள்

போன வருட மழைக்காலத்தில், கேரள எல்லையோரத்து எங்கள் செங்கல் கிராமத்துப் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய ஒரு காலையில் நடந்தது இது. திருவனந்தபுரம் கலெக்டர் மழைக்காகப் பள்ளிகளுக்கு லீவு விட்டிருந்தார். களியக்காவிளையில் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே அன்று பள்ளிக்கூடம் உண்டு. எல்லையில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் இந்த அபாரமான யோசனை வரும். நம் பிள்ளைக்கு லீவு, அங்கே யாருக்கும் லீவு இல்லை. அப்படியென்றால் அந்தப் பக்கத்துத் தீம் பார்க்கில் கூட்டமே இருக்காது!

மழைக்கு விட்ட லீவில் தண்ணீரில் விளையாடப் போகிறோமே என்று எனக்கும் உறைக்கவில்லை, என் கணவருக்கும் உறைக்கவில்லை. காரணம், வருடாந்திர பாஸ். சர்ச்சில் பாதிப் பேர் எடுத்துவிட்டார்கள் என்று நாங்களும் எடுத்தது. பொல்லாத சாமான் அது. பார்க்குக்குப் போகாத விடுமுறை நாளெல்லாம், யாரோ நம் பர்சில் கைவிட்ட மாதிரி வயிறு எரியும். போனாலோ, நுழைவதுதான் சும்மாவாச்சே என்று ஐஸ்கிரீம், பிரியாணி, போட்டோ என்று கை தாராளமாகிவிடும். அப்படியும் லாபம் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்புவோம். அந்தப் பாஸ் அந்த வாரத்தோடு தீரவிருந்தது.

"வயிறு வலிக்குதும்மா, போவண்டாம்," என்றாள் எட்டு வயது மகள்.

"தீரப்போற பாஸ் ஆக்கும் மக்கா, சும்மா களைய முடியுமா?" என்று கிளப்பிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது. பகலிலேயே இருட்டு. ஆளில்லாத குதிரை ராட்டினம் பாட்டோடு சுற்றிக்கொண்டிருந்தது. அலை வரப்போகிறது என்று அலைக்குளத்தில் சங்கு ஊதியது. ஒரு தலைகூட இல்லாத தண்ணீரில் அலை எழும்பி எழும்பி அடங்கியது. சாப்பாட்டுக் கொட்டகையில் சில குடும்பங்கள் நனைந்துபோய், பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தன. எல்லார் மணிக்கட்டிலும் எங்களுக்குக் கட்டியதைப் போலவே மஞ்சள் பட்டை. எல்லாரும் பாஸ்காரர்கள். பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் தீரப் போவுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலை விசாரிக்கிற குரல்.

பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் மகளைக் காணவில்லை.

"கர்த்தாவே!" என்று அலறிவிட்டேன். கணவர் அலைக்குளத்துக்கு ஓடினார். நான் மழையில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒலிபெருக்கிப் பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தற்செயலாக அண்ணாந்தேன். பெரிய சறுக்குக் கோபுரத்தின் உச்சியில், குழாயின் வாயில் அவளுடைய சிவப்புச் சட்டை. வழியை மறித்துக் கட்டியிருந்த கயிறு காற்றில் அவிழ்ந்து கிடந்தது. சறுக்கு வந்து விழுகிற தொட்டியைப் பார்த்தேன். கழுவுவதற்காகத் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். வெறும் சிமெண்ட் தரை.

"அனங்காதே மக்கா! அங்கேயே இரி!"

மேலேயிருந்து பதில் வந்தது. அதில் பயமும் இல்லை, குதூகலமும் இல்லை. ஹோம்வொர்க் முடிக்கிற பிள்ளையின் குரல். "இது ஒண்ணுதான் பாக்கி உண்டும்மா. போயிட்டு வாறேன். பாஸ் தீருதில்லா?"

கணவர் படியேறிப்போய் அவளை அள்ளித் தூக்கும்வரை நான் கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தேன். அவள் உதடு நீலமாகியிருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வரும்போது கொட்டகையில் இருந்தவர்கள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் குடையோடு நின்ற விற்பனைப் பெண் சிரித்தாள். "சார், பாஸ் இன்னைக்கே புதுக்குனா பாதி விலை ஆக்கும்." பிள்ளையைத் தோளில் போட்டிருந்த மனுஷன், என் கண்முன்னால், மற்றக் கையைப் பர்சுக்குக் கொண்டுபோனார்!

"உங்களுக்கு வட்டா, கிறுக்கா?" என்று கத்தினேன். தூக்கத்தில் நடந்தவர் விழித்த மாதிரி கையை எடுத்தார். அவரை மட்டும் சொல்வானேன், 'பாதி விலையா?' என்று என் மனசும் ஒரு நொடி நின்று பார்த்தது. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

பிறகு நாங்கள் பாஸ் எடுக்கவில்லை. ஆனால் இன்றும் மழைக்கு லீவு என்று செய்தி வந்தால் மகள் துள்ளுவதில்லை. எழுந்து வந்து, "இன்னைக்கு எங்கம்மா போணும்?" என்று கேட்கிறாள். "எங்கேயும் போவண்டாம் மக்கா, படுத்துக்கோ" என்று போர்த்திவிடும்போதெல்லாம், விளையாட்டைக்கூட ஒரு கடமையாக்கி இந்தச் சின்னத் தலையில் ஏற்றிவிட்டோமே என்று நெஞ்சு பதைக்கிறது.