புழு ஷெட்டில் ஓடிய கம்ப்யூட்டர்

யூடியூபில் பார்த்த ஒரு வீடியோவில் பேசியவன் சிரித்துக்கொண்டே பேசினான். கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் போதும், ஒரு புரோகிராமை ஓட விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், கிரிப்டோ காசு தானாகச் சேரும் என்றான். என்னிடம் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஓசூரில் வேலை பார்த்தபோது பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வேலை போய் தருமபுரி நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டுக்கே திரும்பியபோது அதையும் தூக்கி வந்தேன். எனக்கும் வேலை இல்லை, அதற்கும் இல்லை. ஓட விட்டேன்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டை வைத்து எடுக்க முடிந்த நல்ல காசையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்து முடித்துவிட்டார்கள், மிச்சம் சில்லறைதான் என்பதை அந்தப் பாவி சொல்லவில்லை. அது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அதன் சத்தத்திலும் சூட்டிலும் வீட்டில் யாரும் இருக்க முடியவில்லை.

"படுக்கற ரூம்ல ரைஸ் மில்லா ஓட்டறீங்க?" என்றாள் மனைவி.

அப்போது எங்களுக்குச் சோறு போட்டது அவள் வளர்த்த பட்டுப்புழு. தகர ஷெட்டில் அடுக்கடுக்காகத் தட்டுகள், மேலே மல்பெரித் தழை. அந்த மார்கழிப் புழுவின் கூட்டை விற்று வீட்டை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டுவதாக இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடமாகிறது. அவள் இன்னும் வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்ட மறைப்புக்குள்தான் குளித்துக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் கால் வைக்க இடமில்லை.

குளிரில் புழு தழை தின்னாது என்று ஷெட்டில் கரி அடுப்பு வைத்திருந்தாள். புகையில் அவள் கண் சிவந்து கிடக்கும். கம்ப்யூட்டர் சூட்டை வீணாக்கத்தானே செய்கிறது, அதை ஷெட்டில் வைத்தால் புழுவுக்கும் கதகதப்பு, எனக்கும் காசு என்று கணக்குப் போட்டேன். பெரிய மூளை.

"ஒரே பக்கம் சூடு பட்டா புழு கெட்டுருங்க. அடுப்புன்னா நான் மாத்தி மாத்தி வெப்பேன். இத எப்பிடி நகத்துவீங்க?"

"ஒனக்கு கம்ப்யூட்டரப் பத்தி இன்னா தெரியும்?" என்றேன். அடுப்பை எடுத்துவிட்டு, வாசல் பக்கத்து முதல் அடுக்கின் கீழே கம்ப்யூட்டரை வைத்தேன்.

பார்க்க வந்த அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமா, புழுவுக்கு கேமு கத்துக் குடுக்கறீங்களா? ஜெயிச்சா கூடு பெருசா கட்டுமா?"

"போடா டேய், வந்த வேலையப் பாரு" என்றேன்.

புழு நாலாவது முறை தோல் உரிக்கும் நேரம் வந்தது. அப்போது அவை தின்னாது. தலையைத் தூக்கியபடி தூங்குவதுபோல் அசையாமல் கிடக்கும். எல்லாம் விழித்த பிறகுதான் தழை போட வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் பக்கத்து அடுக்கில் இருந்தவை எல்லாம் சூட்டில் முன்னாலேயே விழித்துப் பசியில் தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. கடைசி அடுக்கில் இருந்தவை இன்னும் தூக்கம். தழை போட்டால் தூங்குகிறது கெடும். போடாவிட்டால் விழித்தது பட்டினி.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி வேறு தட்டில் போட ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். "நசுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். பொழுது சாயும் வரை பொறுக்கியும் பாதிகூட முடியவில்லை. முன்னால் விழித்ததில் நிறைய துவண்டுவிட்டன.

கம்ப்யூட்டரும் அன்றே நின்றது. தோல் உரிக்கும்போது ஈரம் தங்காமல் இருக்கச் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். அதை ஃபேன் உள்ளே இழுத்து, கார்டு முழுக்க வெள்ளையாக அப்பியிருந்தது. ஊதிப் பார்த்தேன். என் கண்ணில்தான் விழுந்தது.

கூடு ஒன்று பெரிது, ஒன்று பொடிசு, பாதி கெட்டியில்லாமல் மெத்தென்று இருந்தது. தருமபுரி மார்க்கெட்டில் ஏலம் கேட்பவர் ஒரு கை அள்ளி அமுக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்லாமல் அடுத்த குவியலுக்குப் போனார். கடைசியில் யாரோ ஒருவர் மனமில்லாமல் ஒரு விலை சொன்னார். கொடுத்துவிட்டோம்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "அந்தப் பொட்டியில வந்தது எவ்ளோங்க?"

"இன்னும் எடுக்க முடியாது. ஒரு அளவு சேந்தாத்தான் குடுப்பாங்க."

"பாதியாவது சேந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அந்தக் காசு யாருகிட்ட இருக்குது?"

எனக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், "கொத்தனாருக்கு நீங்களே போன் போட்டு பாத்ரூம் வேணாம்னு சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

போட்டேன். கொத்தனார், "இன்னாங்க ஆச்சு, புழு நோவுல போயிருச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாலு வீட்டில் நடப்பதுதான், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

"நோவு இல்லீங்க. நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

"செரிங்க, அப்ப நான் வேற வேலைய ஒத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவளுக்குக் கேட்டிருக்கும், பக்கத்தில்தான் இருந்தாள். திரும்பாமல் அடுத்த தட்டை எடுத்தாள்.