சமதரையில் தேயிலை

தனபாலனுக்கு வெட்கம் லேசில் வராது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன், சொந்த ஊரைக் கேட்டால் "கண்டிதான்" என்று கூசாமல் சொல்வான். கண்டியில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை. ஓய்வு கிடைத்தால் ஃபோனில் ஒரு தீவை ஆள்வான். காட்டை வெட்டி, தோட்டம் போட்டு, ஆட்களைக் குடியேற்றி லாபம் காட்டுகிற விளையாட்டு. டவுனில் பாதி இளவட்டங்கள் அதில்தான் கிடக்கிறார்கள். அவர்களில் முதலிடம் இவனுக்கு.

மழை விடாமல் பெய்த வாரம் லயத்துக்குப் பின்னால் மண் பிளந்துவிட்டது. அம்மா பேச்சியம்மாவைத் தன் வாடகை அறைக்குக் கூட்டிவந்தான். சரிவில் இருக்கும் லயத்துக்குப் பதிலாக, சமதரையில் வீடு கட்ட இடம் தரும்படி தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்க வேண்டும். பேசத் தெரிந்தவன் என்று லயத்துச் சனங்கள் இவனைத்தான் நம்பியிருந்தார்கள். மறுநாள் காலை போவதாக ஏற்பாடு.

"எந்நேரமும் அதுல என்னதான் பாக்குற?" என்றாள் அம்மா.

பெருமையாகக் காட்டினான். குன்றின் உச்சியில் அவனுடைய பங்களா, கீழே சமதரை முழுக்கத் தேயிலை, சரிவில் வரிசையாகக் கூரைகள்.

"நம்ம லயம் மாதிரியே இருக்கே. தனித்தனி வீடு கட்ட முடியாதா?"

"முடியும்மா. அதுக்கு நெறைய எடம் போயிரும்."

"அதுக்காகச் சரிவுலயா கட்டுன?"

"சமதரையில தேயிலை போட்டாத்தான் லாபம்."

"மண்ணு சரிஞ்சா?"

"திரும்பக் கட்டிக்கலாம். ஆளுங்க தானா வந்துருவாங்க."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. கூனிக் குறுகிப்போனான். லாபத்துக்குத்தான் புள்ளி என்பது விளையாட்டின் விதி. ஆனால் லயம் கட்டச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அம்மா திட்டியிருந்தாலும் தேவலை. அவள் அந்தக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவசர அவசரமாகத் தேயிலையை அழித்து, வீடுகளைச் சமதரைக்கு இறக்கினான். லாபம் விழுந்தது. கடையில் கூட வேலை செய்யும் பஹீமின் பெயர் முதலிடத்துக்கு ஏறியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, மானங்கெட்டவன், எல்லாவற்றையும் பழையபடி சரிவுக்கே ஏற்றிவிட்டான்.

அம்மா அதையும் பார்த்தாள்.

"நாளைக்கு நீ கேட்டா தொர எடம் குடுப்பாரா தம்பி?"

தனபாலன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். துரை சொல்லப்போகும் பதில் அவனுக்கு வார்த்தை பிசகாமல் தெரிந்திருந்தது.