காலித் தூக்கு

வரிச்சிக்குடியில் நர்ஸாக இருந்தபோது, உடம்பு பெருக்காமலிருக்கத் தினமும் அரைமணி நேரம் நடங்கள் என்று பெண்களிடம் கூட்டம் போட்டுச் சொன்னேன். கேட்டு நடந்தவர் ஒரே ஒருவர்தான். கனத்த உடம்பு, கழுத்தில் சிலுவை, நெற்றியெல்லாம் வியர்வை. கையில் எப்போதும் ஒரு காலித் தூக்கு.

ஒருநாள் மாலை வயலோரச் சாலையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கணவரின் அண்ணன் பைக்கை நிறுத்தினார்.

"எங்கம்மா கெளம்பிட்டே?"

"பாலுக்குங்க."

"அந்தத் தூக்கக் குடு, பால நான் வாங்கியாறேன். நீ வீட்டுக்குப் போ."

அந்த அம்மா தூக்கை இறுகப் பிடித்தார். நான்தான் நடக்கச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். தூக்கை வாங்கிக்கொண்டு பைக் போய்விட்டது.

"நல்லவேள, சொல்லாம இருந்தீங்க சிஸ்டர்," என்றார். "நர்ஸு நடக்கச் சொன்னாங்கன்னா எனக்குச் சுகருன்னு ஊரே பேசும். பொண்ணுக்கு எடம் வந்துக்கிட்டிருக்கு."

வெறுங்கையோடு ஒரு பெண்ணுக்கு அந்தச் சாலையில் வேலையில்லை. திரும்பிவிட்டார்.

நாலாம் நாள் வெறுங்கையோடே நடந்து வந்தார். அதே பைக் நின்றது.

"வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றதா மாதாவுக்கு நேர்ந்திருக்கேங்க. அதான் நடந்து பழகுறேன்."

அண்ணன் பைக்கை ஒதுக்கி வழிவிட்டார்.

திருவிழாவுக்கு அவர் நடந்தேதான் போனார். மறுவாரமே மறுபடி சாலையில் பார்த்தேன். வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே என்றேன்.

"வருஷா வருஷம் வர்றதா நேர்ந்துட்டேன், சிஸ்டர்."

சிரிப்பாரென்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.