பார்க்காமலே கோபித்தவர்களுக்கு

1982ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 21ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஆறு முப்பது. காலையிலிருந்து பெய்த மழை விட்டிருந்தது. வாடைக்காற்று மட்டும் விடவில்லை. அந்த நேரம் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். இந்த நினைவு மலரை இன்று கையில் வைத்திருக்கும் உறவினர்களில் ஒருவர்கூட அவர்களில் இல்லை. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

என் தங்கையை வீட்டில் "நீ" என்றுதான் அழைத்தேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைப் பற்றிக் கதைத்தபோது அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை என்பதால் நான் கொடுக்கிறேன்.

அவர் திருகோணமலையில் பிறந்தார். அக்கா, நான், அவர் என்று மூன்று பிள்ளைகள். நாடு சுதந்திரம் பெற்றபோது அவருக்குப் பதினைந்து வயது. அப்பா கடற்படைத் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். வெள்ளைக்காரர் தளத்தைக் கைவிட்டுப் போனதும் அப்பாவின் வேலையும் போனது. தங்கை தட்டச்சுப் படித்துக் கொழும்புக்குப் போய் வானொலியில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தார். நாடகப் பிரதிகளைத் தட்டிக்கொடுத்தவர், "இதைவிட நான் நல்லா எழுதுவன்" என்று மேலதிகாரியிடமே சொன்னாராம். எழுதினார். பிறகு தயாரித்தார். கல்யாணம் பேசி வந்தவர்களிடம், வேலையை விட ஏலாது என்றார். அதற்கும் கோபித்தீர்கள்.

தொலைக்காட்சி வந்ததும் வாரம் ஒரு நகைச்சுவை நாடகம் தமிழில் செய்ய அனுமதி வாங்கினார். எனக்குத் தெரிந்தவரை அவருக்கு முன் அதை இங்கே யாரும் செய்யவில்லை. ஒரே வீடு, மூன்று சுவர், அதே ஆறு பேர். அரைமணி நாடகத்தை நிறுத்தாமல் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் வசனம் மறந்தால் முதலிலிருந்து. வானொலி நடிகர்கள் ஒலிவாங்கி முன் நின்றே பழகியவர்கள். அவர்களை நடக்கவைக்கத் தரையில் வெண்கட்டியால் கோடு போட்டார். ஒத்திகைக்கு நிலையத்துச் சாரதிகளையும் சிற்றுண்டிச்சாலைக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். அவர்களில் பலர் சிங்களவர், தமிழ் தெரியாது. அவர்கள் சிரிக்காத இடத்தை மாற்றி எழுதுவார். "பாஷை தெரியாதவன் சிரிச்சால்தான் அண்ணை அது நடிப்பு" என்பார்.

அந்த நாடகத்தின் நாயகர், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இடுப்பில் சாவிக்கொத்து. இது போதாதா? கொழும்பில் அந்த நாடகத்தை ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்த உறவினர் ஒருவர், அக்காவின் கணவரிடம் நேரே போய்ச் சொன்னார்: "அத்தான், உங்களைப் பெட்டிக்குள்ள வைச்சுக் கொழும்பே சிரிக்குது. சாவிக்கொத்துக்கூட உங்கடதுதான்!"

அத்தானும் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் இடுப்பிலும் சாவி. அன்று திருகோணமலையில் எங்கள் உறவில் ஒரு வீட்டிலும் தொலைக்காட்சி இல்லை. அந்த உறவினரைத் தவிர ஒருவரும் நாடகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் உறவு முழுவதும் என் தங்கையோடு கதைப்பதை நிறுத்திவிட்டது.

அக்காவின் மகளுக்குக் கார்த்திகை 24 கல்யாணம். எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: சொந்தச் சகோதரத்துக்கு அட்டை அனுப்புவதில்லை; வீட்டுக்கு வந்து வெற்றிலைத் தட்டம் வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டார் போவதில்லை. என் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். தங்கைக்கு என்று சொல்லவில்லை.

அவர் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். "அக்கா ஒருக்கால் அதைப் பாத்தால் காணும் அண்ணை. அது அத்தான் இல்லையெண்டு அவவுக்குத் தெரியும்" என்றார். அக்காவின் மகளுக்குத் தானே சேலை எடுக்க வேண்டும் என்று என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அரக்குச் சிவப்பு. விலையைக் கேட்டு நான் புறுபுறுத்தேன். காசு கையில் குறைவாக இருக்கிறது, நீங்களே கொடுங்கள் என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை என் வீட்டிலேயே அக்காவுக்குக் காட்டுவதென்று முடிவெடுத்தார். பெட்டிக்குப் படம் வர உயரமான கம்பம் வேண்டும். சல்லிக் கிராமத்து மீன்பிடிச் சம்மாட்டியார் தன் வள்ளத்தின் பாய்மரத்தைக் கழற்றி வண்டியில் கொண்டுவந்து, மழையில் நனைந்தபடி கிணற்றடியில் நாட்டி, உச்சியில் அன்ரனாவைக் கட்டினார். குடாவுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாவின் கடை முதலாளி தன் கடைத் தொலைக்காட்சியைச் சாக்கால் மூடிப் படகேற்றிக் கொண்டுவந்தார். தங்கை முன்வரிசையில் அக்காவுக்கென்று ஒரு கதிரை போட்டு, அதில் யாரையும் இருக்கவிடவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா வரவில்லை. அத்தான் விடவில்லையாம்.

படம் மழைக்குள் தெரிவதுபோலத் தெரிந்தது. குரல் தெளிவு. பெரியவர் விசுக்கோத்துத் தகரப்பேணியைத் திறந்து எண்ணுகிறார். மனைவியிடம் கேட்கிறார்: "நேற்றுப் பதினாலு. இன்றைக்குப் பதின்மூன்று. விருந்தாளி வந்தவரோ, எலி வந்ததோ?"

முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சம்மாட்டியார் தொடையில் தட்டினார். "ஐயா, இது நீங்களெல்லோ!"

முதலாளி சொன்னார்: "சாவிக்கொத்து மட்டும் இரவல் போல."

தங்கை சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, கோபமே?"

"பதினாலு இல்லை, பதினைஞ்சு" என்றேன். அதன்பிறகுதான் சிரித்தார்.

ஆம், அது நான்தான். எண்ணுவது என் பழக்கம், சிரிப்புக்குரியதுதான். எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அடுத்த நாள் காலை அத்தானிடம் போய், "அது நான், நீங்கள் இல்லை" என்றேன். அவர் பத்திரிகையை மடிக்கக்கூட இல்லை. "ஊர் சிரிச்சது என்னைச் சொல்லித்தானே? இனி ஆளை மாத்தி என்ன?" என்றார். அக்கா குசினி வாசலில் நின்றா.

கல்யாணத்தன்று மேளச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நானும் போகவில்லை. தங்கை சேலையை என் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "பிறகு குடுப்பம்" என்று சொல்லி இரவு ரயிலில் கொழும்புக்குப் போனார். தைப்பொங்கலுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இருதயம். வயது ஐம்பது.

மரண வீட்டில் "எங்கட குடும்பத்துக்கே பெருமை" என்று கதைத்தவர்களை எனக்குத் தெரியும். நாடகத்தை இனியாவது பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நான் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். பதிவு நாடா விலை கூடியதாம். எட்டு நாடகத்தையும் அழித்து, மேலே விளையாட்டுப் போட்டிகளைப் பதிந்துவிட்டார்களாம். பார்க்காமல் கோபித்தீர்கள். பார்க்காமலே பெருமைப்படுங்கள்.

பாய்மரம் தந்து அவ்வாரம் கடலுக்குப் போகாமலிருந்த சம்மாட்டியாருக்கும், கிண்ணியா முதலாளிக்கும், மழையில் வந்திருந்து சிரித்த அயலவர்களுக்கும், கொழும்பிலிருந்து வந்து பாடை சுமந்த நடிகர்களுக்கும் நன்றி. மற்றவர்களுக்கு நன்றி சொல்லக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

அன்று மரண வீட்டில் தங்கையின் உடலைக் குளிப்பாட்டியபின் அக்கா வெளியே வந்து என்னிடம் கேட்டா: "தம்பி, புதுச்சேலை ஏதும் இருக்கோ?" அலுமாரியைத் திறந்து கொடுத்தேன். அக்கா அதை விரித்துப் பார்த்தா.

"நல்ல சேலை. ஆருக்கு எடுத்தது?"

"உங்கட மகளுக்கு, அக்கா."

அதைத்தான் உடுத்தி அனுப்பினோம். விலை முந்நூற்று எண்பத்தைந்து ரூபா.