நடுப்புள்ளியில் எழும்பாத பந்து

ஜெயபாரதிக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். ஆனால் தொண்ணூற்றேழில் அடையாறில் போட்ட செயற்கைப் புல் மைதானத்தில் பந்து ஒழுங்காக எழும்பியது என்றால், அதற்கு அவள்தான் காரணம். அங்கே ஆடியவர்களில் ஒருத்தருக்காவது இது தெரியுமா? தெரியாது. அதனால்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் வீடு. பாலிடெக்னிக் டிப்ளமா. மண், சிமெண்ட், தார் இவற்றைச் சோதித்துச் சான்று தரும் கூடம் ஒன்றை சங்கரன் தி.நகரில் நடத்திவந்தார், அங்கே பத்து வருஷ வேலை. எதையும் மூன்று தடவை அளக்காமல் எழுதமாட்டாள். காய்கறிக் கடையில் அவள் குனிந்து தராசு முள்ளைப் பார்க்கிற பார்வைக்கு பயந்தே கடைக்காரர் இரண்டு கத்தரிக்காயைக் கூடப் போடுவார்.

அடையாறு மைதானத்தில் புல் விரிக்குமுன் தார்த்தளம் போட்டார்கள். அதைச் சோதித்தது ஜெயபாரதி. ஆடி மாத வெயிலில் ஐந்து நாள், குடையும் நீளக் கட்டையும் இறுக்கம் அளக்கிற கருவியுமாக அங்குலம் அங்குலமாகப் பார்த்து, 'தளம் முழுக்க ஒரே சீராக இறுகியிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு புல் விரிப்பு கப்பலில் வந்தது, ஒட்டினார்கள், மணல் தூவினார்கள். மார்கழியில் தரச் சான்றிதழுக்காக டென்மார்க்கிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து இறங்கினார்.

அவருடைய சோதனை லேசானதுதான். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விடுவார்; அறுபது சென்டிமீட்டராவது அது திரும்ப எழும்ப வேண்டும். எல்லா இடத்திலும் எழுபது காட்டியது. நடுப்புள்ளியில் விட்டார். சோற்றுருண்டை மாதிரி பொத்தென்று விழுந்து நாற்பதோடு நின்றது. இன்னொரு தடவை விட்டார். அதே நாற்பது. ஆட்டம் தொடங்குகிற இடமே சரியில்லை என்றால் சான்றிதழ் எப்படித் தருவார்? "அடித்தளம் இறுகவில்லை. பெங்களூர் போய்விட்டு மூன்று நாளில் வருகிறேன், அதற்குள் சரிசெய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழி நேராக ஜெயபாரதியின் தலையில் விழுந்தது. சங்கரன் அன்று சாயங்காலக் கச்சேரியைக்கூட விட்டுவிட்டு அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நடுவுல பார்க்காமலே எழுதிட்டேளா?"

"மூணு தடவை பார்த்தேன் சார்."

"பின்னே எப்படி? பூமி தானா உள்வாங்குமா? ஒரு லெட்டர் டைப் பண்ணி வெச்சிருக்கேன். 'என் கவனக்குறைவு'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்கோ. லேபோட பேராவது பிழைக்கும்."

"அப்போ என் பேரு?"

சங்கரன் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் சென்னையில் இனி எந்தக் கூடமும் அவளை வாசற்படி ஏற விடாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாள். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள அவள் என்ன கிள்ளுக்கீரையா?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பந்தும் அளவுகோலுமாக மைதானத்துக்குப் போனாள். நடுப்புள்ளியில் ஆரம்பித்து, விரலளவு விரலளவாக நகர்ந்து பந்தை விட்டாள். நாற்பது, நாற்பது, திடீரென்று எழுபது. நான்கு திசையிலும் அதே கதை. சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்து நிமிர்ந்து பார்த்தாள். அடடா! ரோலர் சரியாக ஓடாமல் விட்ட குறை என்றால் பட்டையாக நீண்டல்லவா கிடக்கும்? இதுவோ குடத்தின் வாயகலத்துக்கு வட்டமாக இருந்தது. ரோலர் வட்டம் போடாது. மனுஷன்தான் போடுவான்.

மைதானத்தைப் போட்ட ஒப்பந்தக்காரர் தணிகாசலம் வந்ததும் நேரே அவரிடம் போய் நின்றாள். "அண்ணே, நான் சோதிச்சதுக்கு அப்புறம் இங்க யாரு பள்ளம் தோண்டினது?"

"இன்னா மேடம், காலங்காத்தால வம்பு பண்றே? யாரும் தோண்டல," என்றார் தணிகாசலம். சொல்லும்போதே துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மார்கழிக் குளிரில் யாருக்கு வேர்க்கும்?

அவள் சங்கரனுக்குப் போன் போட்டு வரவழைத்தாள். நடுப்புள்ளியின் வெள்ளைப் புல் தனித்துண்டாக வெட்டி ஒட்டியது. அதை உரித்துவிட்டுக் கீழே தோண்டவேண்டும் என்றாள். சங்கரன் தயங்கினார். "ஒண்ணுமில்லேன்னா?"

"இல்லேன்னா உங்க லெட்டர்ல கையெழுத்துப் போடறேன் சார். வேலையையும் விட்டுடறேன்."

உரித்தார்கள். மேலே தகடு மாதிரி மெல்லிய தார்ப்பூச்சு. கடப்பாரை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் வெறும் மணல். மணலுக்குள்ளே மஞ்சள் துணி சுற்றிய ஒரு செப்புச் சொம்பு! சொம்பு நிறைய நவதானியம். ஊறி, முளைத்து, அழுகி, நாற்றம் மூக்கைத் துளைத்தது.

தணிகாசலம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆடி மாசத்துல வேலைய ஸ்டார்ட் பண்ணச் சொல்ட்டாங்கோ. ஆடில பூமி பூஜை போடக் கூடாதே! பூஜை போடாத எடத்துல எவனாவது கால உட்ச்சிக்கினா பாவம் நமக்குத்தானேன்னு ஊட்ல ஒரே பாட்டு. அதான் ஆவணில நல்ல நாள் பாத்து, தாரை நோண்டி, நட்டநடுவுல வெச்சிட்டேன். சின்ன சொம்பு மேடம், இன்னா பண்ணிடப் போவுதுன்னு நென்ச்சேன். நேத்தே சொல்லிருக்கணும், பயந்துட்டேன்."

சாமி காரியம்தான், யார் கோபப்பட முடியும்? ஆனால் ஜெயபாரதி கோபப்பட்டாள். "உங்க பூஜைக்கு என் பொழப்பையா நைவேத்தியம் வெச்சீங்க?" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், வேலி ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். சங்கரன் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "என்னை மன்னிச்சுடுங்கோம்மா. பத்து வருஷம் பார்த்தும் உங்களை நம்பலை நான்," என்றார். அவள் குழியை எட்டிப் பார்த்தாள். "தார் கொதிக்க வைக்கச் சொல்லுங்க சார்," என்றாள்.

குழியைத் தார் ஜல்லி போட்டு அடுக்கடுக்காக இடித்து அடைத்தார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் அவள் பக்கத்தில் நின்றாள். பரிசோதகர் திரும்பி வந்து பந்தை விட்டார். எழுபத்தொன்று! நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவளுடைய ஆடி மாத அறிக்கையை வாங்கி, ஓர் எழுத்தும் மாற்றாமல், தன் சான்றிதழோடு சேர்த்துத் தைத்தார்.

பொங்கலுக்குப் பிறகு முதல் ஆட்டம். ஜெயபாரதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவர் பந்தைக் கொண்டுவந்து நடுப்புள்ளியில் வைத்தார். இன்னும் விசில்கூட ஊதவில்லை. அவள் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர், "உட்காரும்மா, கோல் போடட்டும், அப்புறம் தட்டலாம்," என்றார்.

"கோலுக்கு நீங்க தட்டுங்க," என்று சொல்லிவிட்டு, கை சிவக்கச் சிவக்க அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.